வெஜிட்டாவிடம் கற்றதும் கற்காமல் விட்டதும்

வெஜிட்டா கத்துவதை நான் முதல் ஒரு வருடம் சத்தமில்லாமல்தான் பார்த்தேன்.

2004 வாக்கில் இருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயது. தூத்துக்குடியில் எங்கள் வீடு. அப்பா ஹார்பரில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் சரக்கைக் கூடவே நின்று எண்ணிக் கணக்கு எழுதுகிற வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் சாயங்காலம் வரை உள்ளறையில் தூங்குவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து டிவியைப் போடும் நேரமும் அதுதான். "ஏலே, சவுண்ட கொற. அப்பா முழிச்சிருவாவ" என்று அம்மா ரகசியக் குரலில் சொல்வாள். அப்பா முழித்துவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஒருமுறை ரிமோட் சுவரில் மோதிச் சிதறியதில் பேட்டரி பீரோவுக்கு அடியில் உருண்டு போனது. அதை எடுக்க மூன்று நாள் எனக்குத் தைரியம் வரவில்லை.

அதனால் மியூட். கார்ட்டூன் நெட்வொர்க்கில் 'டிராகன் பால் இசட்' ஓடும். எங்கள் கேபிளில் ஆங்கிலத்தில் வந்துகொண்டிருந்தது. சத்தம் இருந்திருந்தாலும் பாதி புரிந்திருக்காது. ஆனால் அந்தக் குள்ளமான ஆள், செங்குத்தாக நிற்கும் தலைமுடி, நெற்றியில் புடைக்கும் நரம்பு, முழுசாகத் திறந்த வாய், இதைப் புரிந்துகொள்ள பாஷை எதுக்கு? அதே முகத்தை நான் வீட்டில் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

தெருவில் எங்களுக்குள் இரண்டு கட்சி. கோக்கு கட்சி, வெஜிட்டா கட்சி. கோக்கு கட்சியில்தான் கூட்டம் அதிகம். நான் வெஜிட்டா.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். அகிரா தோரியாமா 1984இல் ஜப்பானில் வரையத் தொடங்கிய காமிக்ஸ் 'டிராகன் பால்'. அதன் பின்பாதிதான் 1989இல் இருந்து 'டிராகன் பால் இசட்' என்று டிவி தொடராக வந்தது. வெஜிட்டா சயான் என்ற போர் இனத்தின் இளவரசன். பெயரே வெஜிடபிள் என்பதில் இருந்து வெட்டி எடுத்ததுதான். கோக்குவின் நிஜப் பெயர் ககரோட், அது கேரட். உலகத்தையே நடுங்க வைத்தவர்கள் எல்லாம் காய்கறிக்கடை என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. வெஜிட்டா பூமிக்கு வருவது சாகாவரம் வாங்க. வழியில் இருப்பவர்களைக் கொல்வது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிறகு கதை நீள நீள, கோக்குவின் எதிரியாக வந்தவன் போட்டியாளன் ஆகிறான். கல்யாணம் ஆகிறது, பிள்ளை பிறக்கிறது. கோபம் மட்டும் கடைசி வரை குறையவே இல்லை.

கார்ட்டூன் வில்லனிடம் வாழ்க்கைப் பாடமா என்று கேட்பீர்கள். எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஐப்பசியில் கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூர் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். யானைத் தலை, சிங்கத் தலை, அப்புறம் தன் சொந்தத் தலை என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வரும் ஒரு வில்லனைப் பார்க்கத்தான் அத்தனை ஜனமும் மணலில் நெருக்கியடித்து நிற்கும். அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு நான் பார்த்த முதல் வில்லன் சூரன்தான். இரண்டாவது வெஜிட்டா.

*

முதலில் நல்ல பாடம். அது பொய் இல்லை, எனக்கு வேலை செய்திருக்கிறது.

கோக்கு வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் நல்ல பையன் மாதிரி. சிரித்துக்கொண்டே ஜெயிப்பான். வெஜிட்டா அவனைவிட அதிகம் உழைப்பான், ஆனால் இரண்டாவதாகத்தான் வருவான். பூமியைவிட முந்நூறு மடங்கு ஈர்ப்புவிசை வைத்த அறைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டு பயிற்சி செய்வான். எலும்பு உடையும். மறுபடி எழுவான்.

நான் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்ஜினியரிங் போனவன். முதல் வருடம் மூன்று அரியர். ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று ஒரு ஆங்கில வாக்கியத்தை முடிக்க முடியாமல் நின்றபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோபம் அவன்மேல் போயிருக்கும். பார்க்காததால் அது எனக்குள்ளேயே தங்கிவிட்டது. இரண்டு வருடம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்து புரோகிராமிங் படித்தேன். அந்த மொட்டை மாடிதான் என் முந்நூறு மடங்கு அறை. அரியர் எல்லாம் போயின, சென்னையில் வேலை கிடைத்தது.

வெஜிட்டா சூப்பர் சயான் ஆவதும் இப்படித்தான். கோக்குவுக்கு அந்த மாற்றம் தன் நண்பன் கொல்லப்பட்ட கோபத்தில் வருகிறது. வெஜிட்டாவுக்கோ தன்மேலேயே வந்த கோபத்தில். தன் போதாமையைத் தன்னாலேயே சகிக்க முடியாத ஒரு கணம் அது. இதை நான் இன்றும் மதிக்கிறேன். சாந்தமாக இரு, அமைதியாக இரு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களிடம் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் மாதிரி வீடுகளில் இருந்து வெளியே வருவதற்குச் சிலநேரம் கோபத்தைத் தவிர வேறு வண்டி கிடைப்பதில்லை.

பிரச்சினை, ஊர் வந்து சேர்ந்த பிறகும் நான் அந்த வண்டியை விட்டு இறங்கவில்லை என்பதுதான்.

*

மூன்று வருடம் முன்னால். நான் ஒரு டீமுக்கு லீட். புதிதாக ஒரு பையன் சேர்ந்திருந்தான், கல்லூரி முடித்த கையோடு. மெல்லிய குரல். ஒரு ரிலீஸ் நாள், ராத்திரி பதினோரு மணி, காலில் பதினான்கு பேர். சர்வர் ஒன்று படுத்துவிட்டது. எல்லோரும் பதற்றத்தில் இருக்கும்போது அவன் ஏதோ ஒரு அடிப்படைச் சந்தேகம் கேட்டான். நான் கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "இது கூடத் தெரியாம எதுக்கு வந்த" என்பதில் தொடங்கி அரை நிமிடம் போனது. பதினான்கு பேரும் அமைதி. அவன் மியூட்டுக்குப் போனான். சர்வரை நான்தான் எழுப்பினேன். அன்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து ரீஃபண்ட் கொடுக்கிற ஒரு ஸ்கிரிப்ட்டை ஓட்டினோம். பாதியில் நின்றால் தானாக மறுபடி முதலில் இருந்து ஓடும்படி எழுதியிருந்தது நான். ஏற்கெனவே பணம் போன கணக்கைத் தாண்டிப் போக வேண்டும் என்ற சோதனையை விட்டுவிட்டேன். ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது, மறுபடி ஓடியது. பலருக்கு இரண்டு முறை பணம் போனது.

எங்கள் தொழிலில் இதுபோல நடந்தால் யார் மேலும் பழி போடாமல் எல்லோரும் உட்கார்ந்து, எப்படி நடந்தது என்று பேசுவது வழக்கம். பேசி முடித்த பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "கோட் ரிவ்யூல நீயும் இருந்தியே, உன் கண்ணுல படலையா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னான். "பட்டுச்சுண்ணா. கேட்டா கத்துவீங்கன்னு விட்டுட்டேன்."

அதில் குத்தல் இல்லை. மழை வருமென்று குடை எடுத்து வந்தேன் என்பது போலச் சொன்னான். எனக்கு அந்த நொடி ஞாபகம் வந்தது என் அம்மாவின் ரகசியக் குரல். ஒரு கோபக்காரனைச் சுற்றி இருப்பவர்கள் செய்வதைத்தான் அவனும் செய்திருக்கிறான். சவுண்டைக் குறைத்துக்கொண்டான்.

ஏமி எட்மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொண்ணூறுகளில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாகச் செயல்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், அதனால் எண்ணிக்கை கூடித் தெரிந்தது என்பது அவர் கண்ட விளக்கம். இதை நான் ஒரு பயிற்சி வகுப்பில் ஸ்லைடாகவே பார்த்திருக்கிறேன். தலையாட்டியும் இருக்கிறேன். ஸ்லைடில் பார்க்கிற எதுவும் நம்மைப் பற்றியது இல்லை என்று தோன்றுவதில் ஒரு வசதி இருக்கிறது.

*

அந்த வாரம் நான் டிராகன் பால் இசட்டை மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். இந்த முறை சத்தத்தோடு.

சின்ன வயதில் நான் கவனிக்காதது ஒன்று. வெஜிட்டா பூமிக்குத் தனியாக வரவில்லை. நாப்பா என்ற கூட்டாளியோடு வருகிறான். கோக்கு நாப்பாவை அடித்து நகர முடியாமல் போட்டுவிட்டதும், நாப்பா உதவி கேட்டுக் கை நீட்டுகிறான். வெஜிட்டா அவனைக் காற்றில் தூக்கி எறிந்து எரித்துவிடுகிறான். நகர முடியாத ஆளால் என்ன பிரயோஜனம் என்பது அவன் நியாயம். இதே வெஜிட்டா அத்தனை வருடமும் ஃப்ரீசா என்ற சர்வாதிகாரிக்குக் கீழே வேலை பார்த்தவன். அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு இருந்திருக்கிறான்.

வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்குவதே இந்த இடத்தில்தான். உன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்கினால்தான் அது அடக்கம். செல்லுபடியாகாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறார். நான் என் மேனேஜரிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. கிளையண்ட் காலில் தேன் மாதிரிப் பேசுவேன். "எனக்குக் கோபம் வந்தா கண்ட்ரோல் பண்ண முடியாதுங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, மேலே இருப்பவர்கள் முன்னால் மட்டும் அது அழகாக கண்ட்ரோல் ஆகியிருக்கிறது.

அப்பாவும் அப்படித்தான் என்று அப்போதுதான் உறைத்தது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் ஹார்பரில் வாங்கிக் கட்டிக்கொள்வது டாலி கிளார்க்தான். அங்கே அவர் வாயைத் திறந்ததில்லை என்று அவருடன் வேலை பார்த்த மாமா ஒருவர் சொல்லியிருக்கிறார். "ஒங்கப்பன் மாதிரி பொறுமசாலி கெடையாதுடே." எனக்குச் சிரிப்பு வந்தது அன்றைக்கு. ஹார்பரில் கழியாத கணக்கை அவர் ரிமோட்டில் கழித்திருக்கிறார்.

*

இப்போதெல்லாம் வெஜிட்டாவை நான் அதிகம் பார்ப்பது ரீல்ஸில். அவன் கத்துகிற துண்டுகளை வெட்டி, பின்னணியில் அதிரும் இசை போட்டு, உன் வலியை ஆயுதமாக்கு என்கிற ரீதியில் வருகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் வசதியான ஒரு உவமை உண்டு. சிப்பிக்குள் ஏதோ உறுத்துகிறது, அந்த உறுத்தல்தான் முத்தாகிறது என்பார்கள். பள்ளி ஆண்டுவிழாக்களில் இதைக் கேட்காமல் நான் வளரவில்லை.

ஆனால் முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். தூத்துக்குடியில் அது கடைசியாக நடந்தது 1961இல். பார்களில் இருந்து குளித்து எடுத்த சிப்பிகளைக் கரையில் குவியல் குவியலாகப் போட்டு அழுக விடுவார்கள். ஈ மொய்க்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். அழுகியதை அலசிய பிறகுதான் முத்தைத் தேடுவது. பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றுமே இருக்காது. நாம் நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் முத்தை மட்டும் பார்த்துவிட்டு உறுத்தலின் மகிமையைப் பேசுகிறோம். கரையில் அழுகிய குவியலை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

என் மொட்டை மாடிக் கோபம் ஒரு முத்து, சரி. அதைக் காட்டி என் எல்லாக் கோபத்துக்கும் நான் நியாயம் வாங்கிக்கொண்டேன். நான் கத்திய மற்ற நாட்களை எண்ணவே இல்லை. டாலி கிளார்க்கின் மகனுக்கு எண்ணத் தெரியவில்லை.

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகும் ஒரு அண்ணன் எனக்குப் பழக்கம். இப்போது படகில் கம்ப்ரஸர் வைத்து டியூப் வழியாகக் காற்று அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் காலில் கல், இடுப்பில் கயிறு. மேலே கயிறு பிடிப்பது பெரும்பாலும் மச்சானாகத்தான் இருப்பான், அக்கா தாலி அவன் கையில் இருக்கும்போது தூங்கமாட்டான் அல்லவா என்று சொல்வார்கள். அந்த அண்ணனிடம் இந்த ஆபீஸ் கதையைச் சொன்னேன். ஸ்கிரிப்ட், ரீஃபண்ட் எல்லாம் விளக்கத் தேவையே வரவில்லை.

"மேல டியூப் பாக்கவங்கிட்ட சண்ட போட்டுட்டு எவனாவது தண்ணிக்குள்ள எறங்குவானாடே?" என்றார்.

*

வெஜிட்டாவின் கதையில் எனக்கு இப்போது முக்கியமாகத் தெரிவது செல் என்ற எதிரி வரும் பகுதி. வெஜிட்டா அவனைச் சுலபமாக முடித்திருக்கலாம். நான் முழு வடிவம் எடுத்தால் நீ தோற்பாய் என்று செல் உசுப்பிவிடுகிறான். வெஜிட்டாவின் கர்வம் அதைத் தாங்கவில்லை, எடுத்துக்கொண்டு வா பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறான். தடுக்க வந்த சொந்த மகன் ட்ரங்க்ஸையே அடித்து வீழ்த்துகிறான். முழு வடிவம் எடுத்த செல்லிடம் தோற்கிறான். பிறகு அதே செல் ட்ரங்க்ஸைக் கொல்கிறான். அதைப் பார்த்த வெஜிட்டா வெறிபிடித்துப் பாய்கிறான், ஒரு அடியில் விழுகிறான். அவனைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்த கோஹானின் கை ஒன்று செயலற்றுப் போகிறது. கோஹான் சின்னப் பையன். பந்தயம் கட்டியது வெஜிட்டா, பில் கட்டியது இரண்டு பிள்ளைகள்.

பிற்பாடு பூ என்ற எதிரி வரும் பகுதியில் இன்னும் மோசம். கோக்குவோடு சண்டை போட்டே தீரவேண்டும் என்பதற்காக, போட்டி பார்க்க வந்த சம்பந்தமே இல்லாத ஜனங்களைக் கொல்கிறான்.

இது கார்ட்டூனுக்கே உரிய மிகை என்று சொல்லிவிட முடியாது. எங்கள் மாவட்டத்தில் கொற்கை இருக்கிறது. முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம், இன்று கடல் விலகிப்போன ஒரு கிராமம். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கோபத்தைப் பேசாதவர்கள் இல்லை. அதற்குப் பின்னால் வருவதை அவ்வளவாகப் பேசுவதில்லை. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியைச் சாந்தப்படுத்த ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்ததாக அந்தக் காப்பியம் சொல்கிறது. குற்றம் செய்தவன் ஒரு பொற்கொல்லன். செத்தவர்கள் ஆயிரம் பேர். அவர்களில் யாரும் அந்தச் சிலம்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மதுரையை எரிக்கும்போதாவது இன்னின்னாரை விட்டுவிடு என்று கண்ணகி தீயிடம் பிரித்துச் சொல்கிறாள். கொற்கையில் அந்தப் பிரிப்பும் இல்லை. நியாயமான கோபம்கூட ஒருவரிடம் இருந்து அடுத்தவர் கைக்குப் போகப் போக விலாசம் மாறிவிடுகிறது.

நான் அவனிடம் கத்தியபோது என் நிஜக் கோபம் யார்மேல்? படுத்துவிட்ட சர்வர்மேல், அவசரப்படுத்திய மேனேஜர்மேல், இன்னும் தோண்டினால் என்றோ பின்வரிசையில் சிரித்தவன்மேல். அவன் அந்த நேரத்தில் வாசலில் நின்றிருந்தான், அவ்வளவுதான்.

*

வெஜிட்டா எப்போது மாறினான் என்று ரசிகர்களுக்குள் தீராத சண்டை உண்டு. மகனை முதல்முறையாகக் கட்டிப்பிடித்துவிட்டு, பூவை அழிக்கத் தன்னையே வெடித்துக்கொள்ளும் இடம் என்பார்கள் பலர். எனக்கு அது அவனுடைய பழைய குணத்தின் தொடர்ச்சியாகவே படுகிறது. கட்டிப்பிடித்த கையோடு மகனை மயங்கும்படி அடித்துவிட்டுத்தான் போகிறான். அத்தனை பெரிய தியாகத்திலும் பூ சாகவில்லை என்பது தோரியாமாவின் குறும்பு.

எனக்கு முக்கியம் அதற்குப் பின்னால் வரும் அமைதியான இரண்டு இடங்கள். ஒன்று, கோக்கு சண்டை போடுவதைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டு, நீதான் பெரியவன் என்று மனசுக்குள் ஒத்துக்கொள்வது. அதுவரை வாழ்நாள் முழுக்க அவன் கத்தியது அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்கத்தான். இன்னொன்று, இறந்தவர்களை மீட்கும் வரத்தை எப்படிக் கேட்கவேண்டும் என்று அவனே சொல்லித்தருவது. கெட்டவர்களைத் தவிர மற்ற எல்லோரும் உயிரோடு வரட்டும் என்கிறான். அவனும் அப்போது செத்தவன்தான், தலைக்குமேல் ஒளிவட்டம் இருக்கிறது. வரம் பலித்ததும் அந்த வட்டம் மறைந்துபோகிறது. தான் கெட்டவர் கணக்கில் இல்லை என்பதை அவனாலேயே நம்ப முடியவில்லை.

சூரனும் திருச்செந்தூரில் முழுசாகச் சாவதில்லை. மாமரமாக நின்றவனை வேல் பிளக்கிறது, ஒரு பாதி மயிலாகிறது, ஒரு பாதி சேவலாகிறது. அவன் வேகத்தை முருகன் அழிக்கவில்லை. சுமக்க ஒரு ஆளையும் கூவ ஒரு நேரத்தையும் கொடுத்துவிடுகிறான். சின்ன வயதில் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது, வில்லனைக் கொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று. இப்போது அந்தக் கதையில் எனக்கு ஒரு இடம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன்.

ஆனால் வெஜிட்டா கொன்ற ஜனங்களை ஒரு வரம் மீட்டுக் கொடுத்துவிடுகிறது. கார்ட்டூனில் எனக்கு ஒப்பாத இடம் அது ஒன்றுதான். எங்களுக்கு அந்த வரம் கிடையாது. அந்தப் பையன் நான்கு மாதத்தில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். போகும்போது என்னிடம் மரியாதையாகத்தான் பேசினான். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்றான். அந்தப் 'பரவால்ல'வில் எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. அம்மாவும் அப்பாவிடம் அதைத்தான் சொல்வாள்.

கோபம் இன்னும் வருகிறது. வந்தவுடன் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். எதிரில் இருப்பவர் என் மேனேஜராக இருந்தால் இதைச் சொல்வேனா? இந்த ஆள் கையில் என் கயிறு இருக்கிறதா? பத்துத் தடவையில் ஆறு தடவை போலக் கேட்க முடிகிறது. மீதி நான்கில் கத்திவிடுகிறேன். இப்போது என் டீமில் ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் ரிவ்யூவில், நான் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே புகுந்து, "இல்லண்ணா, இது தப்பு. பாருங்க" என்றாள். சுருக்கென்று வந்தது. நெற்றி நரம்பு புடைப்பதே எனக்குத் தெரிந்தது. பார்த்தேன். தப்புதான்.

அப்பா ரிட்டயர்ட் ஆகிப் பல வருடம் ஆகிறது. போன லீவில் வீட்டுக்குப் போனபோது அக்கா மகன் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். ஏதோ ஒரு சண்டைக் கார்ட்டூன். சவுண்ட் தெருவுக்கே கேட்டது. அப்பா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழக்கதோஷத்தில் ரிமோட்டை எடுத்துக் குறைக்கப் போனேன்.

"இருக்கட்டும்ல. பிள்ள பாக்கான்லா" என்றார்.